கதவை மூடினால் ஏறாத ஷட்டர்

இலங்கை மலைநாட்டில் ஜூன் மாதத்து மழை. இரவு 11.30 இருக்கும். பக்கத்து லயத்து (தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டு) அக்கா வந்து கதவைத் தட்டினார். மகளுக்கு வலி எடுத்துவிட்டது. எங்கள் டிவிஷனில் அந்த நேரத்துக்கு உடனே கிளப்பக்கூடிய வாகனம் என்னுடைய கார்தான். அக்காவும் மகளும் பின் சீட்டில் ஏறினார்கள், என் மனைவி முன்னால் எனக்குப் பக்கத்தில். நோர்வூட் வழியாக டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நாலு பேர் மூச்சும் நனைந்த உடுப்பும் சேர்ந்து முன் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. காரில் ஏசி வேலை செய்யாது. மனைவி தன் பக்கத்து ஷட்டரை, அதாவது ஜன்னல் கண்ணாடியை, கொஞ்சம் இறக்கினார். ஆவி விலகி ரோடு தெரிந்தது. நோர்வூட்டைத் தாண்டியதும் மழை சாய்ந்து அடிக்கத் தொடங்கியது. ஏற்றப் பார்த்தால் ஷட்டர் ஏறவில்லை. என் பக்கத்து சுவிட்சை அழுத்தினேன், அதற்கும் அசையவில்லை. அவர் பதறிப்போய் தன் சுவிட்சை முன்னும் பின்னும் தட்ட, இறங்குவது மட்டும் நன்றாகவே நடந்தது. பாதிக்கு மேல் கீழே போய்விட்டது. வண்டியை ஓரங்கட்டி, டிக்கியில் கிடந்த உரப் பையை எடுத்து விரித்துக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவர் அதை இரண்டு கையாலும் ஜன்னலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே வந்தார். அப்படியும் பின் சீட்டில் வலியோடு கிடந்த பிள்ளை மேல் சாரல் அடித்தபடிதான் இருந்தது.

அதிகாலையில் குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் அந்த உரப் பை என் மனதை விட்டுப் போகவில்லை. இன்னொரு இரவு இப்படி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்று அன்றே முடிவெடுத்தேன்.

கார் 1990களில் ஜப்பானில் செய்தது, நாலு கதவிலும் பவர் ஷட்டர். இந்தியாவில் பவர் விண்டோ என்பார்கள், எங்கள் பக்கம் ஷட்டர் என்றே பழகிவிட்டோம். கண்ணாடியைத் தூக்கி இறக்கும் இரும்புக் கையும் பல்சக்கரமும் சேர்ந்த பொருள் ஷட்டர் மெஷின். கதவின் உள்பக்கம் மூடியிருக்கும் அட்டை டோர் போர்ட். இந்தப் பெயர்களையே கீழேயும் பயன்படுத்துகிறேன்.

முதலில் ஒரு கராஜில் காட்டினேன். எலக்ட்ரீஷியன் தம்பி கதவை அகலத் திறந்துவைத்து, பக்கத்தில் நின்றுகொண்டு சுவிட்சை அழுத்தினார். ஏறியது, இறங்கியது. ஐந்தாறு தடவை பார்த்தார், ஒரு குறையும் இல்லை. "ஏற்றுற பக்கத்துக் கொன்டாக்ட் தேஞ்சிருக்கும் அண்ணே, சுவிட்சை மாத்திருவோம்" என்றார். சொன்ன காரணம் நியாயமாகவே பட்டது: இறங்குகிறது, ஏறுவதில்லை, அப்படியென்றால் ஏற்றுகிற தொடுமுனை கெட்டிருக்க வேண்டும். ரீகண்டிஷன் சுவிட்ச் ஒன்று போட்டார். ரூபா 4,500. மூன்றாம் நாள் ஹட்டன் டவுனில் மறுபடி அதே கதை.

இரண்டாவதாகக் காட்டிய இடத்தில் மோட்டர் பலம் குறைந்துவிட்டது, மெஷினோடு சேர்த்து மாற்றவேண்டும் என்றார்கள். கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் இருந்து எடுப்பித்துப் பூட்டித் தர ரூபா 18,000 கேட்டார்கள். பணம் கொடுக்கிறதற்கு முன்னால் சின்னப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னேன். அவர் தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) 30 வருஷத்துக்கு மேல் மின் வேலை பார்த்து ஓய்வெடுத்தவர். கொழுந்து வாட்டுகிற பெரிய காற்றாடிகளின் மோட்டர்கள் அவர் கையில் பிரிந்து பூட்டப்பட்டவை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, அது ஏறாமப் போனப்ப எல்லாம் கதவு மூடியிருந்துச்சா, தெறந்திருந்துச்சா?"

மூடித்தான் இருந்தது. ஓடுகிற வண்டியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டா போவோம்? ஆனால் இரண்டு கராஜிலும் திறந்த கதவின் பக்கத்தில் நின்றுதான் பார்த்தார்கள். ஷட்டர் வேலை செய்யப் போகிற யாரும் முதலில் செய்வது கதவைத் திறப்பது. கோளாறு அந்த நிமிஷமே ஒளிந்துகொள்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. லயத்துக்கு முன்னால் சமதரையில் காரை நிறுத்தி, நானும் மகனும் சின்னப்பாவும் வேலையில் இறங்கினோம்.

பிரிக்கும் முன் சும்மா சுவிட்சுகளை அழுத்திப் பார்த்தே பாதி விஷயம் தெரிந்துகொள்ளலாம். மற்ற மூன்று ஷட்டரும் ஒழுங்காக ஏறி இறங்கின. அதனால் பெரிய ஃபியூஸ், ரிலே இரண்டிலும் சந்தேகம் இல்லை. சாரதி பக்கத்தில் இருக்கும் லொக் பொத்தான் அழுத்தியிருந்தால் மற்றக் கதவுகளின் சுவிட்ச் வேலை செய்யாது. அதையும் பார்த்தோம், விடுபட்டே இருந்தது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எழுதிவைத்தேன். என் பக்கத்து மாஸ்டர் சுவிட்சில் ஏற்றினால் அசைவில்லை, இறக்கினாலும் அசைவில்லை. இடப்பக்கக் கதவின் சொந்த சுவிட்சில் இறக்கினால் இறங்குகிறது, ஏற்றினால் அசைவில்லை. கதவைத் திறந்ததும் நாலுமே சரியாக நடக்கின்றன.

இந்த நாலு விடையையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் கோளாறு எந்த வயரில் என்று கதவைப் பிரிக்காமலே சொல்ல முடியும். எனக்கு அது அன்று தெரியாது. சின்னப்பா ஒரு சீமெந்துப் பையின் உள்தாளில் படம் போட்டுக் காட்டினார். மிக அழகான விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஷட்டர் மோட்டர் சாதாரண டிசி மோட்டர். அதற்கு இரண்டே வயர். ஒன்றில் பிளஸும் மற்றதில் ஏர்த்தும் (பெட்டரியின் மைனஸ் பக்கம்) கொடுத்தால் கண்ணாடி மேலே போகும், மாற்றிக் கொடுத்தால் கீழே வரும். மோட்டருக்கென்று தனியாக நிரந்தர ஏர்த் கிடையாது. இடப்பக்கக் கதவின் சுவிட்சில் இருந்து இரண்டு வயர் புறப்பட்டு, டாஷ்போர்டுக்குக் கீழாக என் பக்கத்து மாஸ்டர் சுவிட்சுக்கு வருகின்றன. ஒன்றை ஏற்றும் வயர் என்றும் மற்றதை இறக்கும் வயர் என்றும் வைத்துக்கொள்வோம். யாரும் எதையும் அழுத்தாமல் இருக்கும்போது இந்த இரண்டு வயரும் மாஸ்டர் சுவிட்சுக்குள் ஏர்த்தைத் தொட்டபடி இருக்கின்றன. நான் மாஸ்டரில் ஏற்று என்று அழுத்தினால், ஏற்றும் வயருக்கு மட்டும் பிளஸ் வரும், இறக்கும் வயர் ஏர்த்திலேயே நிற்கும். சுற்று முழுமையாகி மோட்டர் ஓடும்.

மனைவி தன் பக்கத்து சுவிட்சில் ஏற்றினால் நடப்பது வேறு. மோட்டரின் ஏற்றும் முனை மாஸ்டரிடமிருந்து பிரிந்து, அந்தக் கதவுக்கே தனியாக வரும் பிளஸ் வயரோடு சேர்கிறது. மோட்டருக்குள் போன கரண்ட் மறு முனையால் வெளியே வந்து எங்கே போகிறது? இறக்கும் வயர் வழியாக மாஸ்டருக்கு வந்து, அங்கேதான் ஏர்த்தை அடைகிறது. அதாவது, அந்தக் கதவில் கண்ணாடியை ஏற்றுவதற்குத் தேவைப்படுவது இறக்கும் வயர். இறக்குவதற்குத் தேவைப்படுவது ஏற்றும் வயர்.

இப்போது இறக்கும் வயர் எங்கோ அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டரில் எதை அழுத்தினாலும் இரண்டு வயரும் வேண்டும், அதனால் ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. கதவின் சொந்த சுவிட்சில் இறக்கினால் ஏற்றும் வயர் ஏர்த் கொடுக்கும், அதனால் இறங்கும். ஏற்றினால் ஏர்த் இல்லை, ஏறாது. நான் எழுதிவைத்திருந்த விடைகள் அப்படியே இவைதான். "ஏறலைன்னதும் எல்லாரும் ஏத்துற பக்கத்தைப் பாக்குறாங்க. கெட்டது எறக்குற வயரு" என்றார் சின்னப்பா. கராஜில் கழற்றிப்போட்ட பழைய சுவிட்ச் நல்ல சுவிட்ச்தான் என்பது அந்த இடத்தில் தெரிந்தது.

படம் சரி, கையால் நிரூபிக்க வேண்டுமே. டோர் போர்டைக் கழற்றினோம். கைப்பிடிக் குழிக்குள் ஒரு ஸ்குரு, உள் ஹேண்டிலுக்குப் பின்னால் ஒன்று, ஆர்ம்ரெஸ்டுக்குக் கீழே இரண்டு. மிச்சம் எல்லாம் ஓரத்தில் பிளாஸ்டிக் கிளிப். இரும்பு ஸ்குரு டிரைவரால் நெம்பினால் பெயிண்டும் போகும் அட்டையும் கிழியும். வீட்டு மரக்கரண்டியின் முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றி, ஒவ்வொரு கிளிப்புக்கும் நேர் பக்கத்தில் வைத்து நெம்பினேன். இரண்டு கிளிப் மட்டும் உடைந்தன. வயதான பிளாஸ்டிக் உடையத்தான் செய்யும், ஐந்தாறு புதுக் கிளிப் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கடைசியாகப் போர்டை மேலே தூக்கி எடுக்க வேண்டும், இழுக்கக் கூடாது. கண்ணாடி கீழே விழுந்துவிடாமல் இருக்க அதை மேலே ஏற்றி, கதவுச் சட்டத்தோடு சேர்த்து இரண்டு பக்கமும் அகல டேப் ஒட்டிவிட்டோம். மெஷினின் கை நகரும் இடத்தில் விரலை விடவே கூடாது. மகனுக்கு அதை இரண்டு தடவை சொல்லிவைத்தேன்.

முதலில் மோட்டரை விசாரித்தோம். டேப்பை எடுத்துவிட்டு, மோட்டர் கப்ளரை (வயர்களை மோட்டரோடு சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பு) கழற்றி, பெட்டரியிலிருந்து 10 ஆம்ப் ஃபியூஸ் போட்ட இரண்டு வயரை நேரே கொடுத்தேன். கண்ணாடி சரசரவென்று இறங்கியது. வயரை மாற்றிப் பிடித்ததும் ஏறியது. நாலு வினாடி. 18,000 ரூபாய்க்கு மாற்றச் சொன்ன மோட்டர் இது.

அப்புறம் மல்டிமீட்டர். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். மீட்டரின் இரண்டு குச்சியையும் கழற்றிய கப்ளருக்குள் வைத்தேன். மகன் மாஸ்டரில் ஏற்று என்று அழுத்தினான். 12.3 வோல்ட்! குழம்பிப் போனேன். வயர் அறுந்திருந்தால் எப்படி 12.3 வரும்? பீப் சத்தம் வைத்து வயரைப் பார்த்தாலும் முனைக்கு முனை பீப் அடிக்கிறது. அந்த இடத்தில் நான் தனியாக இருந்திருந்தால் வயர் நல்லது என்று தீர்மானித்து, மறுபடி சுவிட்சைச் சந்தேகப்பட்டிருப்பேன்.

சின்னப்பா தண்ணீர் விழும் பீலிப் பக்கம் கையைக் காட்டினார். மேலே மலையில் இருந்து எங்கள் லயத்துக்கு வரும் தண்ணீர்க் குழாயில் எங்கேயாவது இலை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? குழாய் வாயைக் கட்டைவிரலால் மூடினால், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் முழு வேகத்தோடு விரலை முட்டும். விரலை எடுத்தால் நூல் மாதிரி ஒழுகும். மல்டிமீட்டர் அந்தக் கட்டைவிரல் மாதிரி. அது கரண்டைக் கிட்டத்தட்டக் குடிப்பதே இல்லை. இருபது முப்பது செம்பு நூல் இருக்கும் வயரில் ஒரே ஒரு நூல் களிம்பு பிடித்துத் தொட்டுக்கொண்டிருந்தாலும் அது 12 வோல்ட் காட்டும். மோட்டர் கேட்பது பல ஆம்ப். அந்த ஒரு நூலால் அதைக் கொடுக்க முடியாது.

அதனால் சுமை வைத்துப் பார்க்க வேண்டும். பழைய ஹெட்லைட் பல்ப் ஒன்று, எச்4 வகை, கிடந்தது. லோ பீம் இழை போய்விட்டது, 60 வாட் ஹை பீம் இழை நல்லது. 60 வாட்டை 12ஆல் வகுத்தால் 5 ஆம்ப். அதன் இரண்டு காலிலும் வயர் பற்றவைத்து, ஒரு வயரை ஃபியூஸ் வழியாகப் பெட்டரி பிளஸில் மாட்டினோம். மறு வயரின் நுனியைக் கழற்றிய மோட்டர் கப்ளரில் ஒவ்வொரு வயராகத் தொட வேண்டும். மேலே சொன்னபடி, யாரும் எதையும் அழுத்தாதபோது இரண்டு வயரும் ஏர்த். ஆகவே எதைத் தொட்டாலும் பல்ப் முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். சுவிட்சை அழுத்த இன்னொரு ஆள்கூடத் தேவையில்லை. ஷட்டர் வேலைக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

கதவு சாத்தியிருக்கிறது. ஏற்றும் வயரைத் தொட்டேன். பல்ப் பளீரென்று எரிந்தது, கண் கூசியது. இறக்கும் வயரைத் தொட்டேன். ஒன்றுமில்லை. இழை சிவக்கக்கூட இல்லை. நுனியை அப்படியே பிடித்துக்கொண்டு, மகனைக் கதவை மெதுவாகத் திறக்கச் சொன்னேன். நாலு விரல் அகலம் திறந்தது, இருட்டு. ஒரு சாண் திறந்தது, ஒரு தடவை மினுங்கி அணைந்தது. இன்னும் கொஞ்சம் திறந்ததும் வெளிச்சம் ஒரேயடியாக வந்து கதவின் உள் தகடு முழுக்க மஞ்சளாகப் பரவியது. சாத்தினான், அணைந்தது. திறந்தான், எரிந்தது. மூன்று பேரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். இத்தனை நாளாக ஒளிந்திருந்தது இப்படிக் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றபோது ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

கதவுக்கும் பொடிக்கும் (காரின் உடற்பகுதிக்கும்) நடுவில் வயர்கள் போகும் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய் இருக்கும். முன் கதவைத் திறந்தால் கீலுக்குப் பக்கத்தில் தெரியும். பெட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு அந்த ரப்பரின் ஒரு முனையைப் பொடியிலிருந்து விடுவித்துப் பின்னால் தள்ளினேன். உள்ளே ஒன்பது வயர். காலையும் மாலையும் பிள்ளைகளை ஸ்கூலுக்கு ஏற்றி இறக்கும் வண்டி இது. இந்த இடப்பக்கக் கதவுதான் எல்லாவற்றிலும் அதிகமாகத் திறந்து மூடப்படுவது. ஒவ்வொரு தடவையும் இந்த வயர்கள் ஒரே இடத்தில் மடிந்து நிமிர்ந்திருக்கின்றன.

இறக்கும் வயரை விரலால் தடவியபோது ஓர் இடத்தில் மெத்தென்று அமுங்கியது. வெளி உறை பார்வைக்கு முழுசாக இருந்தது, கீழ்ப்பக்கத்தில் மட்டும் மயிரிழை அளவு வெடிப்பு. மெதுவாக வளைத்தேன். வெடிப்பு வாய் திறந்தது, உள்ளே பச்சைக் களிம்பு. பழைய பித்தளைக் குத்துவிளக்கின் அடியில் திரளுமே, அதே பச்சை. நூல்கள் எல்லாம் அறுந்து இரண்டு குஞ்சம்போல நின்றன, ஒன்றே ஒன்று மட்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. கதவைத் திறக்கும்போது வயர் நிமிர்ந்து, உறைக்குள் அந்த இரண்டு குஞ்சமும் ஒன்றையொன்று முட்டுகின்றன. மூடும்போது மடிந்து விலகுகின்றன. எல்லாக் காரிலும் இப்படியே நடக்கும் என்றில்லை. சிலவற்றில் மூடினால் தொடும், திறந்தால் விலகும். எதுவானாலும் கதவை முழுதாக மூடி, பாதி திறந்து, அகலத் திறந்து என்று மூன்று நிலையிலும் பார்க்க வேண்டும்.

இணைப்பது எப்படி என்பதில் சின்னப்பாவுக்கும் எனக்கும் கொஞ்சம் வாதம் நடந்தது. அறுந்த இடத்திலேயே ஈயம் பற்றவைத்து டேப் சுற்றிவிடலாம் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஈயம் நூல்களுக்குள் ஊறி வயரைக் கம்பியாக்கிவிடும். வளையும் இடத்தில் கம்பி இருந்தால், ஈயம் முடியும் ஓரத்தில் மறுபடி அறும். வளையும் பகுதிக்குள் இணைப்பே இருக்கக் கூடாது. அறுந்த துண்டை முழுசாக வெட்டி எடுத்துவிட்டு, ரப்பருக்குள் ஒரே நீளமாகப் புது வயர் போக வேண்டும். ஒரு இணைப்பு கதவுக்குள், மற்றது பொடிக்குள், காலடிப் பக்கத்துப் பிளாஸ்டிக்குக்குப் பின்னால். அவர் சொன்னதே சரி.

பொடிப் பக்கம் கை நுழைய இடம் வேண்டும் என்பதால் முன் சீட்டைக் கழற்றினோம். அன்றைய இரவின் மழை அதன் பஞ்சுக்குள் இன்னும் இருந்தது. தூக்கும்போதே பூஞ்சண வாடை. மகன் அதை அடுப்படிக்குக் கொண்டுபோய் விறகடுப்புக்கு எட்டத்தில் நிறுத்திவைத்தான். இந்த மலையில் ஜூன் மாத வெயிலை நம்பிப் பஞ்சு காயப்போட முடியாது.

வயரை வெட்டியதும் பளபளக்கும் செம்பு கிடைக்கவில்லை. கறுத்திருந்தது. ஈரம் உறைக்குள்ளேயே ஊர்ந்து போயிருக்கிறது. இன்னும் இரண்டு அங்குலம் வெட்டியபின்தான் சிவந்த செம்பு வந்தது. கறுத்த செம்பில் எந்த இணைப்பும் நிற்காது. புதிதாகப் போட்டது அதே தடிப்பில், மெல்லிய நூல்கள் நிறைய இருக்கும் வாகன வயர். வீட்டு மின் வேலைக்கான விறைப்பான வயரை இங்கே போடவே கூடாது, சீக்கிரம் அறுந்துவிடும். ரப்பர் குழாய்க்குள் வயரை நுழைக்கப் பழைய குடைக் கம்பி ஒன்றில் அதன் நுனியை டேப்பால் கட்டி, முகப் பவுடர் பூசித் தள்ளினேன். வழுக்கிக்கொண்டு போய்விட்டது. இரண்டு பக்கமும் செம்புக் குழல் போட்டு நசுக்கி, உள்ளே பசை இருக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சூடுகாட்டிச் சுருக்கினோம். மின் அடுப்போ வெப்பத் துப்பாக்கியோ இல்லை. லைட்டரைத் தள்ளிப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தால் போதும், ஓரத்தில் பசை கசிந்தால் இறுகிவிட்டது என்று அர்த்தம்.

ஒரு வயரோடு நிறுத்தவில்லை. ஏற்றும் வயரிலும் கதவு லொக்குக்குப் போகும் ஒரு வயரிலும் உறை வெடித்திருந்தது. செம்பு இன்னும் அறவில்லை. அவற்றையும் அதே முறையில் மாற்றினோம், மூன்று வயரின் இணைப்புகளும் ஒரே இடத்தில் குவியாமல் முன்பின்னாக வைத்து. ஒரே இடத்தில் வைத்தால் குடலில் முடிச்சு விழுந்த மாதிரித் தடித்துவிடும், ரப்பருக்குள் திரும்பப் போகாது.

பெட்டரியை மாட்டி, பல்ப் சோதனையை மறுபடி செய்தோம். கதவு மூடி, பாதி திறந்து, முழுக்கத் திறந்து, மூன்றிலும் ஒரே வெளிச்சம். மோட்டரை மாட்டி, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கப்ளரில் பார்த்தால் 11.6 வோல்ட். பெட்டரியில் அந்த நேரம் 12.2. இந்த வயதுக் காருக்கு அந்த இழப்பு பரவாயில்லை.

ஆனால் ஏறுவதற்கு ஆறு வினாடி எடுத்தது. காலையில் நேரே கொடுத்தபோது நாலு வினாடி. அன்று வேலை செய்யும்போது கண்ணாடி ஓடும் ரப்பர் பீடிங்குக்குள் மண் விழுந்திருந்தது ஒரு காரணம், வயரின் இழப்பு இன்னொரு காரணம். ஈரத் துணியை மெல்லிய குச்சியில் சுற்றி அந்தப் பள்ளத்தைத் துடைத்தால், காப்பித் தூள் மாதிரி அழுக்கு வந்துகொண்டே இருந்தது. ஐந்து தடவை துடைத்து, காயவிட்டு, சிலிக்கோன் ஸ்ப்ரே அடித்தேன். எண்ணெயும் கிரீசும் இங்கே வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும், தூசியும் ஒட்டும். கிரீஸ் மெஷினின் பல்லுக்கும் கைக்கும் மட்டும். இப்போது நாலரை வினாடி.

இனிச் சொல்லப்போவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எங்கள் மலைநாட்டில் அதுதான் எல்லாவற்றுக்கும் வேர் என்று நினைக்கிறேன். டோர் போர்டுக்குப் பின்னால் கதவுத் தகட்டில் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். மழைத் தண்ணீர் கண்ணாடியை ஒட்டி வழிந்து கதவுக்குள் போவது சாதாரண விஷயம், கதவு அதற்காகவே செய்யப்பட்டது. உள்ளே போன தண்ணீர் அடியில் இருக்கும் துளைகளால் வெளியேறிவிடும். அந்தத் தண்ணீரைப் போர்டுப் பக்கம் வராமல் தடுப்பதுதான் தாளின் வேலை. முன்னொரு காலத்தில் ஸ்பீக்கர் பூட்டியவர்கள் யாரோ அதைக் கிழித்து, பாதியைத் தொங்கவிட்டுப் போயிருந்தார்கள். போர்டின் அடிப்பகுதி ஊறி அப்பம் மாதிரி உப்பியிருந்தது. அடித்துளைகளோ மண்ணும் சருகும் சேர்ந்து அடைத்திருந்தன. விளக்குமாற்று ஈர்க்கால் குத்தியதும் ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவுக்குக் கறுத்த தண்ணீர் கொட்டியது. மழை பெய்து ஒரு நாள் கழிந்த பிறகும் கதவுக்குள் அவ்வளவு நின்றிருக்கிறது. நாளெல்லாம் நின்ற அந்த ஈரம்தான் வெடித்த உறைக்குள் ஏறிச் செம்பைத் தின்றிருக்கும்.

தடித்த பொலித்தீனில் பழைய தாளின் அளவுக்குப் புதிது வெட்டினேன். கறுப்பு பியூட்டில் பசை நாடாவை ஓரம் முழுக்க இடைவெளி விடாமல் ஒட்டி, தாளின் அடி விளிம்பைக் கதவுத் தகட்டின் உள்ளே போகும்படி சொருகினேன். வெளியே விட்டால் தண்ணீர் போர்டுக்குள்தான் இறங்கும். சாதாரண செலோ டேப் இங்கே ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. போர்டை மாட்டும் முன் மகன் வாளியால் கண்ணாடி மேல் தண்ணீர் ஊற்றினான். நான் உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தேன். தாளின் இந்தப் பக்கம் ஒரு சொட்டும் வரவில்லை, கீழே மூன்று துளையிலும் ஒழுகியது.

வயர், குழல், ஹீட் ஷ்ரிங்க், பசை நாடா, கிளிப் எல்லாம் சேர்த்து ரூபா 2,000-ஐ எட்டவில்லை.

புதிய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இதெல்லாம் சுவிட்ச் நேரே மோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பழைய முறைக்கு. பின்னால் வந்த பல கார்களில் சுவிட்ச் செய்தி மட்டும் அனுப்பும், கதவுக்குள் இருக்கும் மின்னணுப் பெட்டிதான் மோட்டரை ஓட்டும். அங்கே ஹெட்லைட் பல்பை வைத்துத் தொட்டால் பெட்டியே எரிந்துபோகலாம், செய்யாதீர்கள். தானாக ஏறும் ஷட்டர் இருக்கும் பல கார்களில் பெட்டரியைக் கழற்றி மாட்டியபின் அந்த வசதி நின்றுவிடும். பெரும்பாலும் கண்ணாடியை முழுக்க ஏற்றி, சுவிட்சைச் சில வினாடி பிடித்துக்கொண்டிருந்தால் திரும்ப வரும். பக்கவாட்டு ஏர்பேக் இருந்தால், கதவிலோ சீட்டிலோ கை வைக்கும் முன் பெட்டரியைக் கழற்றிச் சில நிமிஷம் காத்திருக்க வேண்டும். ஆனால் கீல் பக்கத்து ரப்பர் குழாய் அந்தக் கார்களிலும் இருக்கிறது, அங்கேயும் வயர் மடிந்துதான் போகிறது.

சீட் காய மூன்று நாள் ஆனது. புதன்கிழமை மாலை அதைப் பூட்டி, நாலு நட்டும் இறுக்கிவிட்டு, மனைவியோடு டிக்கோயா வரைக்கும் போனேன். அந்த அக்காவின் மகளையும் குழந்தையையும் வீட்டுக்கு விட்டிருந்தார்கள், மறுபரிசோதனைக்கு வரச் சொன்ன நாள் அது. திரும்பி வரும்போது நோர்வூட்டுக்குக் கிட்ட பனிமூட்டமும் தூறலும் ஒன்றாக இறங்கின. மனைவி எதுவும் சொல்லாமல் சுவிட்சைத் தூக்கிப் பிடித்தார். கண்ணாடி ஏறி, மேல் பீடிங்குக்குள் போய் நின்றது. பின் சீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

வலப்பக்கக் கதவின் ரப்பரையும் அடுத்த ஞாயிறு கழற்றிப் பார்க்க வேண்டும்.